கருவி மங்கியதா, சூரியன் மங்கியதா?

கேள்வி இது: "2008-ல் சூரியனின் தீவிர புறஊதாக் கதிர்வீச்சு 1996-ல் இருந்ததைவிட 15 சதவீதம் குறைந்துபோனதாகப் படித்தேன். 12 வருடம் விண்வெளியில் வெயில் தின்ற ஒரு கருவி சொல்லும் கணக்கை எப்படி நம்புவது? நம் ஆதித்யா எல்-1 இதை அளக்கிறதா?"

இரண்டாவதற்குப் பதில் 'இல்லை'. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்வி இந்தத் துறையின் ஆணிவேரிலேயே கைவைக்கிறது. இதில் வேலை செய்பவர்களுக்குத் தீராத கவலை ஒன்றுதான். எண் இறங்குகிறது, இறங்கியது சூரியனா, என் கருவியின் கண்ணா?

எதை அளக்கிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். தீவிர புறஊதா என்பது அலைநீளம் ஏறக்குறைய 10 முதல் 121 நானோமீட்டர் வரை உள்ள ஒளி. நம் தோலைக் கருக்கும் புறஊதா வேறு. அது 280 நானோமீட்டருக்கு மேலே இருக்கிறது, தரைவரை வருகிறது. தீவிர புறஊதாவில் ஒரு துளிகூடத் தரைக்கு வராது. 100 கிலோமீட்டருக்கு மேலேயே ஆக்சிஜனும் நைட்ரஜனும் அதை முழுக்கக் குடித்துவிடுகின்றன. அதனால் எவ்வளவு உயரமான மலையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் பயனில்லை. மேலே போய்த்தான் ஆகவேண்டும்.

அளவோ மிகச் சொற்பம். பூமியின் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சூரியன் தரும் மொத்த ஆற்றல் 1361 வாட். அதில் தீவிர புறஊதாவின் பங்கு சில மில்லிவாட். பத்து லட்சம் ரூபாயில் சில ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேல்வளிமண்டலத்தின் குடும்பச் செலவு முழுவதும் அந்தச் சில ரூபாயில்தான் நடக்கிறது. 30.4 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் 40.8 எலக்ட்ரான் வோல்ட். ஆக்சிஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்க 13.6 போதும். மிச்சமெல்லாம் சூடாகிறது. அயனமண்டலம் உருவாவதும், 200 கிலோமீட்டருக்கு மேலுள்ள காற்று உப்புவதும் இதனால்தான். உப்பிய காற்று தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஓடும் செயற்கைக்கோள்களை உரசி உரசி இழுக்கும். அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேப் 1979 ஜூலை 11 அன்று ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் துண்டு துண்டாக விழுந்ததே, எதிர்பார்த்ததைவிடச் சூரியன் சுறுசுறுப்பாகி மேல்காற்றைத் தடிக்க வைத்ததால்தான்.

இன்னொன்று: மொத்தச் சூரிய ஒளி 11 வருடச் சுழற்சியில் 0.1 சதவீதம்தான் ஏறி இறங்குகிறது. 30.4 நானோமீட்டர் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கரோனா எனும் சூரியனின் வெளி வளிமண்டலத்தில் சூடான இரும்பு அயனிகள் விடும் சில கோடுகள், அதாவது நிறமாலையில் தனித்துப் பிரகாசிக்கும் அலைநீளங்கள், பத்து மடங்குவரை போகும். ஆக, அளக்கவேண்டிய பொருள் சிறிது, அதன் ஆட்டம் பெரிது.

சரி, எப்படி அளப்பது? இங்கே சாதாரண ஒளியியல் கைவிட்டுவிடும். கண்ணாடி இந்த ஒளியை விழுங்கும், எனவே லென்ஸ் கிடையாது. சாதாரண ஆடியும், ஒளி நேராக விழுந்தால், ஏறக்குறைய எதையும் திருப்பித் தராது. குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தாழ்வாக வீசினால் நீரில் மூழ்காமல் தத்திப் போகுமே, அப்படி மிகச் சாய்வாக உரசிப் போகவிட்டால்தான் பரப்பு இந்த ஒளியைத் திருப்பும். அதனால் குறுகிய அலைநீளங்களுக்கான நிறமாலைக் கருவிகளில், ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடான கிரேட்டிங்கின் மேல் ஒளி உரசினாற்போல விழும்படி அமைக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை, வேண்டாத ஒளி. சிலிக்கான் உணரி கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் நன்றாகவே பார்க்கும். பத்து லட்சம் ரூபாய்ச் சத்தத்துக்கு நடுவே சில ரூபாய் விழும் ஓசையைக் கேட்கவேண்டும். அதற்காக முன்னால் ஓர் உலோகப் படலத்தை ஃபில்டராக வைக்கிறார்கள். பெரும்பாலும் அலுமினியம், தடிமன் 150, 200 நானோமீட்டர் அளவு. தலைமுடியை நூற்றுக்கணக்கான அடுக்காகப் பிளந்தால் ஓர் அடுக்கு எவ்வளவோ அவ்வளவு. அது 17 முதல் 80 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை விடும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும். இப்படி ஒரு படலத்தை இருட்டறையில் விளக்குக்கு எதிரே பிடித்து ஓட்டை தேடிப் பார்த்திருக்கிறேன். கையில் கனமே தெரியாது. வட்டச் சட்டத்துக்குள் வெள்ளித்தாள் போல மினுங்கும். மூச்சு பட்டால் நடுங்கும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு ஓரமாக ஒரே ஒரு புள்ளி, மிகச் சிறிய நட்சத்திரம் போல எரிந்தது. அந்தப் புள்ளிக்கு என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். படலத்தின் விட்டம் 10 மில்லிமீட்டர், ஓட்டையின் விட்டம் 10 மைக்ரான் என்றால், பரப்பில் ஓட்டை பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதன் வழியே நுழையும் சாதாரண ஒளி, 1361 வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1.4 மில்லிவாட் கணக்கில் வரும். நாம் அளக்கப்போவதே அந்த அளவுதான். ஊசிமுனைகூட இல்லாத ஓர் ஓட்டை மொத்த அளவீட்டையும் குட்டிச்சுவராக்கிவிடும். அதனால்தான் இந்தப் படலங்களை ராக்கெட் ஏவும்போது எழும் அதிர்விலிருந்து காப்பாற்றப் பெரும்பாடு படுகிறார்கள்.

இன்று இந்தத் துறையின் பெரிய கருவி என்றால், நாசாவின் எஸ்டிஓ விண்கலத்தில் இருக்கும் ஈவ். கொலராடோ பல்கலைக்கழகத்தின் லாஸ்ப் ஆய்வுக்கூடம் கட்டியது. 2010 பிப்ரவரி 11 அன்று ஏவினார்கள். படம் எடுப்பது அதன் வேலையில்லை. சூரியன் முழுவதையும் ஒரே புள்ளியாக எடுத்துக்கொண்டு, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆற்றல் என்று 0.1 நானோமீட்டர் நுணுக்கத்தில் 10 நொடிக்கு ஒருமுறை எழுதும். அதற்குள் மெக்ஸ்-ஏ என்ற பகுதி 2014 வரை 5 முதல் 37 நானோமீட்டர் வரை பார்த்தது, மெக்ஸ்-பி அதற்கு மேலே 105 வரை பார்க்கும். தவிர, நொடிக்கு நான்கு முறை படிக்கும் ஃபோட்டோடயோடுகளும் உண்டு.

அந்தத் தரவு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. 2014-க்கு முந்தைய ஒரு கோப்பை இறக்கி வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். கரம்பைக் காட்டில் ஒற்றைப் பனை நிற்பது போல 30.4-ல் ஒரு கோடு எழுந்து நிற்கும். அது ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம். இடப்பக்கம் 17.1-ல் தொடங்கி இரும்புக் கோடுகள் புதராக நெருங்கி நிற்கும். 17.1 ஏறக்குறைய 7 லட்சம் டிகிரி வெப்பத்தில் இருக்கும் இரும்பு. 28.4 என்றால் 20 லட்சம். 13.3-ல் ஒரு கோடு திடீரென்று முளைத்தால், எங்கோ ஒரு மூலையில் கரோனா கோடி டிகிரியைத் தொட்டுவிட்டது, ஃப்ளேர் எனும் சூரிய வெடிப்பு நடக்கிறது என்று பொருள். ஒவ்வொரு கோடும் ஒரு வெப்பமானி. எனக்கு இந்த வரைபடத்தைப் பார்த்துச் சலித்ததேயில்லை.

இனி கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இந்தக் கருவிகள் பார்க்கப் பார்க்கக் கண் மங்கும். விண்கலத்தின் பிசின், பெயிண்ட், கம்பி உறை, பல அடுக்குப் போர்வை எல்லாம் வெற்றிடத்தில் நுண்ணிய ஆவியை விடுகின்றன. அந்த ஆவி குளிர்ந்த பரப்பைத் தேடிப்போய் ஒட்டும். இந்த உணரிகளை இரைச்சல் குறைய மிகக் குளிரவைத்திருப்பதால் அவற்றுக்கு அதிகம் ஒட்டும். ஒட்டிய கரிமப் படிவத்தின் மேல் தீவிர புறஊதா விழும்போது மூலக்கூறுகள் உடைந்து, ஒன்றோடொன்று பின்னி, கழுவவே முடியாத கரிப்படலமாகிவிடும். விறகடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடி கருத்து வருவது போலத்தான். இதில் கொடுமை, எந்த ஒளியை அளக்க வந்தோமோ அதே ஒளிதான் கண்ணைக் குருடாக்குகிறது. உணரிக்குள்ளேயும் அடி விழும். 30.4 கோடு விழும் இடத்தில் உள்ள பிக்சல்கள் அக்கம்பக்கத்தைவிட வேகமாகத் தேயும்.

எவ்வளவு வேகம்? ஐரோப்பாவின் ப்ரோபா-2 விண்கலம் 2009 நவம்பர் 2 அன்று போனது. அதில் லைரா என்ற கருவியில் ஒரே மாதிரியான மூன்று பகுதிகள். அன்றாடம் பயன்பட்ட பகுதியின் 121.6 நானோமீட்டர் ஜன்னல் சில மாதங்களிலேயே உணர்திறனின் பெரும்பகுதியை இழந்தது. ஈவின் மெக்ஸ்-பி விரைவாகத் தேய்வதைக் கண்டு, நாளுக்கு 3 மணி நேரமும் மற்றபடி மணிக்கு 5 நிமிடமும் மட்டும் சூரியனைப் பார்க்கவிட்டார்கள். மருந்தைச் சொட்டு சொட்டாக விடுவது மாதிரி.

மங்குவதைத் தடுக்க முடியாது. எவ்வளவு மங்கியது என்று தெரிந்துகொண்டால் போதும், கணக்கில் திருத்திவிடலாம். அதற்குச் சில வழிகள் உண்டு. ஃபில்டர் சக்கரத்தில் ஒரே மாதிரி இரண்டு ஃபில்டர்கள் வைத்து, ஒன்றைத் தினமும் பயன்படுத்திவிட்டு மற்றதை அபூர்வமாக மட்டும் வெளியே காட்டுவார்கள். வித்தியாசம்தான் தேய்மானம். உள்ளுக்குள் சிறு விளக்கை எரியவிட்டு உணரியின் எந்தப் பிக்சல் சோர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். லைராவில் வருடத்துக்கு வெகு சில மணி நேரம் மட்டும் மூடி திறக்கும் ஒரு பகுதியைச் சாட்சியாக வைத்தார்கள். ஆனால் இவை எல்லாம் வீட்டுக்குள்ளேயே ஒருவர் இன்னொருவருக்குச் சாட்சி சொல்வது. வெளிச்சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி ராக்கெட்டில் போகிறது. ஈவின் இரட்டைப் பிறவி ஒன்று தரையில் இருக்கிறது. அதை முதலில் மேரிலாந்தில் கெய்தர்ஸ்பர்க்கில் உள்ள அமெரிக்கத் தேசிய அளவியல் நிறுவனத்தின் சர்ஃப் சின்க்ரோட்ரானுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே எலக்ட்ரான்கள் வட்டமாக ஓடி ஒளி விடுகின்றன. எத்தனை எலக்ட்ரான், எவ்வளவு ஆற்றல், வட்டத்தின் ஆரம் எவ்வளவு, இந்த மூன்றும் தெரிந்தால் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்று பேப்பரிலேயே கணக்கிட்டுவிடலாம். வேறு விளக்கோடு ஒப்பிடத் தேவையே இல்லை. அந்தக் கணக்கில் எடைபோட்ட கருவியை நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்திலிருந்து ராக்கெட்டில் ஏவுவார்கள். 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம் போய்த் திரும்பும். காற்றுக்கு மேலே கிடைப்பது ஏறக்குறைய 5 நிமிடம். அந்த 5 நிமிடத்தில் கரிபடியாத புதுக்கண் சூரியனைப் பார்க்கும். அதே நேரம் மேலே எஸ்டிஓவின் பழைய கண்ணும் பார்க்கும். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளியே தேய்மானம். முதல் பயணம் 2010 மே 3 அன்று நடந்தது.

பாராசூட்டில் இறங்கிய கருவியைப் பாலைவனத்தில் தேடியெடுத்து, மறுபடி சர்ஃபுக்குக் கொண்டுபோய், போன மாதிரியே திரும்பியதா என்று சரிபார்ப்பார்கள். உச்சியிலும் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும். அது குடித்ததையும் கூட்டிச் சேர்க்கவேண்டும். இதே ஒயிட் சாண்ட்ஸிலிருந்துதான் 1946 அக்டோபர் 10 அன்று அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் டௌசியின் குழு, ஜெர்மானியரிடமிருந்து எடுத்த வி-2 ராக்கெட்டின் வால்பகுதியில் நிறமாலைக் கருவியை வைத்து, ஓசோனுக்கு மேலே சூரியனின் புறஊதா நிறமாலையை முதன்முதலாகப் படம் பிடித்தது. அன்று எட்டியது 220 நானோமீட்டர் அளவுதான். தீவிர புறஊதா இன்னும் தொலைவில் இருந்தது. வழி மட்டும் அதே வழி.

இப்போது உங்கள் 15 சதவீதம். அதை அளந்தது 1995 டிசம்பர் 2 அன்று ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தில் உள்ள செம் என்ற சிறு கருவி. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் கட்டியது. எளிமையிலும் எளிமை: அலுமினியப் படலம், ஒளி ஊடுருவிப்போகும் கிரேட்டிங், சிலிக்கான் ஃபோட்டோடயோடு. அசையும் பாகம் எதுவும் இல்லை. 26 முதல் 34 நானோமீட்டர் வரை, 30.4 கோட்டை நடுவில் வைத்து, 15 நொடிக்கு ஒருமுறை படிக்கும். அதன் படலத்திலும் கரி படிந்தது. அதையும் ராக்கெட்டில் போன அதன் சகோதரக் கருவிகளை வைத்துத்தான் அவ்வப்போது திருத்தினார்கள்.

சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. இந்தத் துறையில் துல்லியம் அவ்வளவு சுலபமில்லை. ஈவுக்கே வைத்த இலக்கு 25 சதவீதம்தான். மொத்தச் சூரிய ஒளியை ஆயிரத்தில் ஒன்றைவிட நுணுக்கமாக அளப்பவர்களுக்கு இது கேலியாகத் தோன்றும். ஆனால் ஒரு எடைக்கல் உண்மையான கிலோவுக்கு எவ்வளவு குறைவு என்பது ஒரு கேள்வி. அதே கல்லை வைத்து இந்த மாதம் அரிசி போன மாதத்தைவிடக் குறைவா என்பது வேறு கேள்வி. செம்மின் 15 சதவீதம் இரண்டாவது வகை. தேய்மானத் திருத்தம் சரியாக இருந்தால் போதும்.

அதுவும் தப்பாக இருந்தால்? இங்கேதான் கருவியோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு சாட்சி வருகிறது. தீவிர புறஊதாவால் மேல்காற்று உப்பும் என்று மேலே சொன்னேன். அதாவது மேல்வளிமண்டலமே ஓர் உணரி. பழைய செயற்கைக்கோள்களும் ராக்கெட் துண்டுகளும் எவ்வளவு வேகமாக உயரம் இழக்கின்றன என்பதிலிருந்து காற்றின் அடர்த்தியைக் கணக்கிடலாம். அந்தக் கணக்கு 2008-ல், 1996-ஐவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு என்றது. தீவிர புறஊதாவை 15 சதவீதம் குறைத்து வளிமண்டல மாதிரியில் போட்டுப் பார்த்தபோது, அடர்த்திச் சரிவின் பெரும்பகுதி தானாகவே வந்தது. பாதையில் சுற்றும் இரும்புத் துண்டுக்குக் கரி படிந்தாலும் கவலையில்லை. அதனால் என் முடிவு: சூரியன் உண்மையிலேயே மங்கியது. 15 என்ற எண்ணில் சில புள்ளிகள் முன்பின் இருக்கலாம். திசையில் எனக்குச் சந்தேகமில்லை.

கூடவே இதையும் கவனியுங்கள். கனடாவில் 1947-லிருந்து தினமும் சூரியனின் 10.7 சென்டிமீட்டர் ரேடியோ அலையை அளக்கிறார்கள். தரையிலிருந்தே முடியும், கரி படியாது. பலரும் தீவிர புறஊதாவுக்குப் பதிலாக இதைத்தான் மாதிரிகளில் போடுகிறார்கள். அது 1996-ல் சராசரி 72 அலகு, 2008-ல் 69. வெறும் 4 சதவீதச் சரிவு. நேரடியாக அளந்திருக்காவிட்டால் மேல்காற்று ஏன் இவ்வளவு சுருங்கியது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்போம். 1980-களில் ஏறக்குறைய பத்து வருடம் தீவிர புறஊதாவுக்குத் தொடர்ச்சியான அளவீடே இல்லாமல் போனது. அந்த ஓட்டையை இன்றும் இப்படிப்பட்ட பதிலிகளை வைத்துத்தான் அடைக்கிறோம். எனக்கு அது இன்னமும் உறுத்துகிறது.

ஃப்ளேர் நேரத்தில் பதிலிகள் இன்னும் மோசம். 2003 அக்டோபர் 28 அன்று, இந்திய நேரம் மாலை 4.40 வாக்கில், எக்ஸ்-17 என்ற மிகப் பெரிய ஃப்ளேர் வெடித்தது. செம் பார்த்த 26–34 நானோமீட்டர் ஒளி சில நிமிடங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பகல் பக்கத்து அயனமண்டலத்தில் எலக்ட்ரான் எண்ணிக்கை அதே நிமிடங்களில் தாவியது. நாளுக்கு ஒரு எண் தரும் பதிலிக்கு இது தெரியவே தெரியாது.

ஈவ் வந்த பிறகு இன்னொரு புதுமையும் தெரியவந்தது. 2010 மே 5 அன்று ஒரு ஃப்ளேர் முடிந்து, எக்ஸ்-கதிர் அடங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து, 33.5 நானோமீட்டர் இரும்புக் கோடு மட்டும் மறுபடி ஏறியது. முதலில் வெடித்த இடத்துக்கு மேலே, நீளமான வேறு காந்த வளையங்கள் சூடேறி மெதுவாக ஆறிக்கொண்டிருந்தன. லாஸ்பின் டாம் வுட்ஸ் குழு இதைப் 'பிந்தைய கட்டம்' என்று பதிவுசெய்தது. எக்ஸ்-கதிரை மட்டும் பார்த்து 'ஃப்ளேர் முடிந்தது' என்று எழுதிக்கொண்டிருந்தோம். மேல்காற்று இன்னும் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கண்டுபிடிப்பைத் தந்த மெக்ஸ்-ஏ 2014 மே 26 அன்று, மின்சுற்றில் ஏற்பட்ட பழுதால் நின்றுபோனது. கரிக்குத் தப்பியது, ஒரு கெப்பாசிட்டருக்குத் தப்பவில்லை. 33.5-ஐ இன்னும் பத்து வருடம் பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு ஆறவில்லை.

இனி ஆதித்யா. 2023 செப்டம்பர் 2 அன்று போன ஆதித்யா எல்-1-ல் சூட் என்ற தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரை பார்க்கிறது. மற்றொரு முனையில் சோலெக்ஸ், ஹெல்1ஓஎஸ் இரண்டும் எக்ஸ்-கதிர்களைப் பார்க்கின்றன. அவற்றின் எல்லை ஏறக்குறைய 0.6 நானோமீட்டரோடு முடிகிறது. இடையில் உள்ள பெரிய இடைவெளியில்தான் தீவிர புறஊதா முழுவதும் இருக்கிறது. எனவே நேரடி அளவீடு கிடையாது.

ஆனால் சூட்டின் ஃபில்டர்களில் இரண்டு, 280 நானோமீட்டரில் உள்ள மெக்னீசியம் கோடுகளுக்கானவை. அமெரிக்காவின் புதிய கோஸ் வானிலைச் செயற்கைக்கோள்களில் இருக்கும் தீவிர புறஊதாக் கருவியும் அதே மெக்னீசியக் கோட்டைக் கூடவே அளக்கிறது. அந்தக் கோட்டின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் உள்ள விகிதத்தை எடுத்தால், கருவி மங்கினாலும் மேலும் கீழும் ஒன்றாகவே மங்கும். விகிதம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். சூட் எடுப்பது சூரிய வட்டத்தின் படம். எந்தப் பகுதியில் மெக்னீசியம் ஒளிர்கிறது என்று அதில் இடம் இடமாகத் தெரியும். கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறு வருடமாகக் கால்சியம் கோட்டில் எடுத்துவைத்த கண்ணாடித் தகடுகளிலும் அதே நிறக்கோளத்தின், அதாவது கரோனாவுக்குக் கீழே உள்ள அடுக்கின், ஒளிர்திட்டுகள்தான் பதிந்திருக்கின்றன. செயற்கைக்கோள் இல்லாத காலத்துப் புறஊதாவைக் கணக்கிட இன்று அந்தத் தகடுகளைத்தான் ஸ்கேன் செய்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.